குரல்வளைநோக்கி

மனிதனுடைய வாய்க்குப் பின்னால் ஒரு கூட்டுவழி உண்டு. உண்ணும் சோறும் உட்கொள்ளும் மூச்சும் அவ்வொரு வழியாகவே சிறிது தொலைவு செல்கின்றன. கழுத்தளவில் அவ்வழி இரண்டாகப் பிரிகின்றது. பின்புறம் செல்வது உணவுக்குழல். முன்புறம் செல்வது மூச்சுக்குழல். கிளை பிரியும் அவ்விடத்தில் மூச்சுக்குழலின் தலைவாயிலாக அமைந்திருப்பது குரல்வளை. அதனுள் இரண்டு குரல்நாண்கள் கதவின் இரு சிறகுகள்போலத் திறந்தும் மூடியும் இயங்குகின்றன. அவற்றிற்கு மேலே இலை வடிவினதாகிய குருத்தெலும்பு மூடி ஒன்று சாய்ந்து நிற்கின்றது. நாம் விழுங்கும்போது குரல்வளை மேலெழுகின்றது, மூடி கவிகின்றது, நாண்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, சோறு பின்வழியே இறங்கிவிடுகின்றது. காவல் சிறிது தவறி ஒரு பருக்கை முன்வழியிற் புகுந்தால், அக்கணமே இருமல் எழுந்து அதனை வெளியே தள்ளுகின்றது. இதனையே மக்கள் புரையேறுதல் என்பர். யாரோ நினைக்கின்றார், அதனாற் புரையேறுகின்றது என்று வீட்டில் முதியோர் கூறுவதுண்டு. யார் நினைத்தாலும் நினையாவிட்டாலும், அப்பொழுது நம்மைக் காப்பது விழிப்புடன் இருக்கும் நம் குரல்வளையே.

இவ்விடத்தின் சிறப்பைத் தமிழ் இலக்கண ஆசிரியரும் அறிந்திருந்தனர். தொல்காப்பியர் பிறப்பியலில், எழுத்தொலி பிறத்தற்குரிய எட்டு இடங்களுள் மிடற்றையும் ஒன்றாக வைத்துள்ளார். ஆயினும், உயிருள்ள ஒருவருடைய மிடற்றினுள்ளே நோக்குவது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. காரணம் எளியது. வாய் உள்நோக்கிச் செல்கின்றது. தொண்டையோ கீழ்நோக்கி வளைகின்றது. பார்வை நேர்க்கோட்டிற் செல்வது. வளைந்த தெருவின் மறுகோடியில் நிற்பவரை இக்கோடியில் நிற்பவர் காணாததுபோல, வாய்க்கு வெளியே இருக்கும் கண் குரல்வளையைக் காண்பதில்லை. இந்த ஒரு வளைவை மருத்துவர் வென்ற வரலாறே குரல்வளைநோக்கியின் வரலாறாகும்.

அதனை வெல்ல வேண்டிய தேவை, மயக்க மருந்து தோன்றிய பின்னரே மிகுதியாயிற்று. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் நோயாளி ஒருவரை ஈதர் ஆவியை முகரச் செய்து மயக்கினார்; ஜான் வாரன் என்னும் அறுவை மருத்துவர் அந்நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியைக் கத்தியால் அறுத்தார். அதுகாறும் அறுவை என்றால் அலறல் என்றே பொருள். அன்று முதல் அவ்வலறல் அடங்கத் தொடங்கியது. ஆனால் மயக்கம் துயரத்தை மட்டும் உறங்க வைப்பதன்று. நாவைத் தாங்கும் தசைகளும் தளர்கின்றன. மல்லாந்து கிடப்பவரின் நா பின்சரிந்து மூச்சுவழியை அடைக்கின்றது. இருமலும் உறங்குகின்றது. வயிற்றிலிருந்து மேலெழும் உணவும் புளிநீரும் தடையின்றி மூச்சுக்குழலுள் இறங்கலாம். புரையேறக்கூட வலியற்ற நிலை அது.

அவ்வின்னல் விரைவிலேயே வெளிப்பட்டது. 1848-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகில், ஹானா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகம் ஒன்றை நீக்க வேண்டியிருந்தது. சிறு அறுவைதான். குளோரோபாரம் முகரச் செய்தனர்; சில நிமிடங்களில் அச்சிறுமி உயிர் நீத்தாள். மருந்து மிகுந்து நெஞ்சு நின்றதென்று சிலரும், அவளை எழுப்பும் பொருட்டு வாயிற் புகட்டிய நீரும் பிராந்தியும் மூச்சுவழியிற் புகுந்தனவென்று சிலரும் கூறினர். குளோரோபாரத்தை மகப்பேற்று மருத்துவத்திற் புகுத்திய ஜேம்ஸ் சிம்ப்சன் இப்பின்னைக் கருத்தையே வற்புறுத்தினார். எது உண்மை என்பது முடிந்த முடிபாகவில்லை. ஒரு நகத்தின் பொருட்டு ஒரு சிறுமி உயிரிழந்தாள் என்பது மட்டும் மருத்துவருலகின் நெஞ்சைச் சுட்டது.

மயங்கியவரின் மூச்சுவழியைக் காக்க ஒரு நல்ல முறை உண்டு. வாய் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, குரல்நாண்களின் இடையே நுழைத்து, மூச்சுக்குழலில் நிறுத்திவிட்டால் உயிர்வளி நேரே நுரையீரலைச் சேரும்; வயிற்று நீரும் குருதியும் உள்ளே இறங்கா. ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரத்தில் வில்லியம் மாக்கீவன் என்னும் அறுவை மருத்துவர் 1878-ஆம் ஆண்டில் இதனைச் செய்தார். நாவின் அடியில் வளர்ந்த கட்டியை அகற்ற வேண்டியிருந்த நோயாளி அவர். மாக்கீவன் தம் விரலை நோயாளியின் தொண்டைக்குள் விட்டு, மூடியைத் தொட்டறிந்து, விரலின் வழிகாட்டலாற் குழாயை உள்ளே செலுத்தினார்; பின்னரே மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. கண் காணாத இடத்தில் விரலே கண்ணாயிற்று. எல்லார்க்கும் அத்தகைய விரல் வாய்ப்பதில்லை.

குரல்வளையைக் காணும் வழியை முதலிற் கண்டு உலகறியச் செய்தவர் ஒரு மருத்துவர் அல்லர் என்பது வியத்தற்குரியது. அவர் இசையாசிரியர், பெயர் மனுவேல் கார்சியா. ஸ்பெயின் நாட்டுக் குடியிற் பிறந்து இலண்டனில் பாட்டுக் கற்பித்தவர். குரல் யாங்ஙனம் பிறக்கின்றது என்பதை அறிய வேண்டும் என்ற வேட்கை அவருக்கு நெடுநாளாக இருந்தது. 1854-ஆம் ஆண்டில் அவர் பாரிசு நகரத்திற் பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட பிடியுள்ள சிறு கண்ணாடி ஒன்றை வாங்கினார். அதனைத் தம் தொண்டையின் பின்சுவரருகே வைத்து, மற்றொரு கைக்கண்ணாடியால் ஞாயிற்றின் ஒளியை அதன்மேற் பாய்ச்சினார். தம் குரல்நாண்கள் திறப்பதும் நெருங்குவதும் அக்கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தன. மறு ஆண்டில் இலண்டன் அரச கழகத்திற்கு அதனை எழுதியளித்தார். வியன்னாவில் தூர்க்கும், பெஸ்டு நகரில் செர்மாக்கும் அதனை மருத்துவத்திற்குப் பயன்படுத்தினர். கார்சியா 101 வயதுவரை வாழ்ந்து, தம் கண்ணாடி மருத்துவர் பலருடைய கையிலும் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார்.

கார்சியாவின் கண்ணாடி வளைவைத் திருத்தவில்லை, பார்வையையே வளைத்தது. பின்னால் வரப்போவதை நோக்கும்போது இது நினைவிலிருத்தத் தக்கது. ஆனால் அக்கண்ணாடி விழித்திருந்து, நிமிர்ந்து அமர்ந்து, நாவை நீட்டிக் கொடுப்பவர்க்கே பயன்பட்டது. மயங்கி மல்லாந்து கிடப்பவரின் வாயில் ஒரு குழாயைச் செலுத்த அஃது உதவவில்லை.

ஆகவே மருத்துவர் வேறொரு வழியை நாடினர். பெர்லின் நகரத்து ஆல்பிரெட் கிர்ஸ்டைன் என்பவர், உணவுக்குழலை நோக்கும் குழாயொன்று தற்செயலாக மூச்சுக்குழலுள் வழுவிச் சென்ற செய்தியைக் கேள்வியுற்றார். கண்ணாடியின்றியே குரல்வளையை நேரே காணலாம் போலும் என்று அவருக்குத் தோன்றிற்று. 1895-ஆம் ஆண்டில் நோயாளியின் தலையைச் சாய்த்து, நாவின் அடிப்புறத்தை ஓர் அலகினால் அழுத்தி, மின்விளக்கின் ஒளியில் அதனைக் கண்டும் விட்டார். அவர் செய்தது பார்வையை வளைப்பதன்று, உடலை நிமிர்த்துவது. அதன்பின் அமெரிக்க நாட்டுச் செவாலியர் ஜாக்சன் அலகின் நுனியிலேயே விளக்கை அமைத்தார். நேர்நோக்கும் முறை இவ்வாறு நிலைபெற்றது.

முதல் உலகப்போர் முடிந்தபோது இம்முறைக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. இலண்டனுக்கு அருகே சிட்கப்பில் ஒரு மருத்துவமனை இருந்தது. குண்டுபட்டு முகம் சிதைந்த போர்வீரர் அங்கே கொண்டுவரப்பட்டனர். மூக்கு இழந்தோர், தாடை இழந்தோர், உதடு இழந்தோர் ஆகிய அவர்கட்கு முகத்தைப் புதிதாக அமைத்துக் கொடுத்தவர் ஹெரால்டு கில்லிஸ். முகத்தின்மேல் மூடி வைத்து மயக்கம் கொடுக்கும் முறை, முகமே அறுவைக்களமாகிவிட்ட அவர்களிடம் எவ்வாறு பயன்படும்? அங்குப் பணியாற்றிய ஐவன் மாகில், ஸ்டான்லி ரௌபாதம் என்னும் இருவரும் குழாயை மூச்சுக்குழலுள் செலுத்தி மயக்கம் கொடுக்கும் கலையை நாள்தோறும் பயின்று வளர்த்தனர். மாகில் செய்த அகன்ற இரப்பர்க் குழாயும், குழாயைப் பற்றி உள்ளே நடத்தும் வளைந்த இடுக்கியும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நோயாளியின் தலையை எவ்வாறு வைக்க வேண்டும் என்பதையும் அவர் காட்டினார். கழுத்து சிறிது முன்னோக்கியும் முகம் சிறிது நிமிர்ந்தும், மலரை முகர்வார் போல அமைய வேண்டும்.

1943-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் இராபர்ட் மாக்கின்டாஷ் புதியதோர் அலகை வெளியிட்டார். தொண்டைச் சதையை அகற்றும் அறுவைக்காக ஒருவருடைய வாயை விரிக்கும் கருவியைப் பொருத்தியபோது, எதிர்பாராத வகையிற் குரல்நாண்கள் தெளிவாகத் தென்பட்டதை அவர் கவனித்தார். நாவின் அடிக்கும் மூடிக்கும் இடையிலுள்ள சிறு பள்ளத்தில் அலகின் நுனியை வைத்து உயர்த்தினால், மூடி தானே எழுந்துவிடும் என்று உணர்ந்தார். அதற்கேற்பச் சிறிது வளைந்த அலகு செய்யப்பட்டது. மருத்துவப் பட்டம் பெறாத, ஆனால் கைத்திறன் மிக்க ரிச்சர்டு சால்ட் என்னும் அவருடைய துணைவர் அதனைச் செய்வதில் உதவினார். 80 ஆண்டுகள் கடந்தும் அவ்வலகு உலகெங்கும் வழங்குகின்றது. மருத்துவர் இடக்கையாற் பிடியைப் பற்றி, வாயின் வலப்புறமாக அலகை நுழைத்து, நாவை இடப்புறம் ஒதுக்கி, பிடியின் திசையிலேயே முன்னோக்கி உயர்த்துவர். பல்லைத் தாங்குகட்டையாகக் கொண்டு நெம்புதல் ஆகாது. நெம்பினாற் பல் உடையும்.

இதற்கிடையே மயக்கவியலில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பிற் பூசிய குராரே என்னும் நஞ்சைத் தூய்மை செய்து, 1942-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரத்தில் ஹெரால்டு கிரிபித் அறுவையின்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படுத்தினார். அதுமுதல் அத்தகைய மருந்துகள் பல வந்தன. தசை தளர்ந்தால் அறுவை எளிது. குழாய் நுழைப்பதும் எளிது. ஆனால் மூச்சுவிடும் தசைகளும் தளர்ந்துவிடுவதால் நோயாளி தானாக மூச்சுவிடார். அவருடைய மூச்சு முழுவதும் மருத்துவர் கையிலுள்ளது. முன்னரே தூய உயிர்வளியைச் சில நிமிடம் முகரச் செய்திருப்பின், நல்லுடலினர்க்குப் பல நிமிடங்கள் தாங்கும். பருத்த உடலினர்க்கும், குழந்தைகட்கும், கருவுற்ற மகளிர்க்கும் அவ்வளவு பொழுது இல்லை. மூளை உயிர்வளியின்றி நீண்ட நேரம் பொறுப்பதன்று. எனவே குழாய் நுழையும் அச்சிறு பொழுது மருத்துவத்தொழிலில் மிக நீண்ட பொழுதாகும்.

பெரும்பாலோரிடம் நேர்நோக்கும் முறை இடரின்றி நிறைவேறுகின்றது. ஆயின் எல்லாருடைய உடலும் நிமிர்த்த நிமிர்வதில்லை. சிறிய தாடை, குறுகிய கழுத்து, பெரிய நா, அகலத் திறவாத வாய், மூட்டு வாதத்தால் இறுகிய கழுத்தெலும்பு ஆகியவை அம்முயற்சிக்குத் தடையாவன. விபத்திற் கழுத்தெலும்பு முறிந்தவரின் தலையைச் சாய்த்தலே கூடாது. 1984-ஆம் ஆண்டில் கார்மாக், லெஹேன் என்னும் இருவர், குரல்வளை எவ்வளவு தெரிகின்றது என்பதை நான்கு படிகளாக வகுத்தனர். முழுதும் தெரிவது முதற்படி. மூடிகூடத் தெரியாதது நான்காம் படி. மறு ஆண்டில், ஆந்திர நாட்டிற் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரிராவ் மல்லம்பாட்டி ஓர் எளிய தேர்வை வெளியிட்டார். நோயாளியை அமரச் செய்து, வாயைத் திறந்து நாவை நீட்டச் சொல்லி, உள்நாக்கு எவ்வளவு தெரிகின்றது என்று பார்ப்பதே அது. கருவியும் வேண்டா, செலவும் இல்லை. உலகெங்கும் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு இன்று செய்யப்படும் அத்தேர்வு அவர் பெயரால் வழங்குகின்றது. எனினும் எத்தேர்வும் இடரை முற்றும் முன்னறிவிப்பதில்லை. எளியதென எண்ணிய தொண்டை, நோயாளி மயங்கிய பின்னர் அரியதாகிவிடுதலும் உண்டு.

2005-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாள், இங்கிலாந்தில் இளந்தாய் ஒருவர் மூக்கருகுக் குழியிற் செய்யும் வழக்கமான அறுவைக்காக மயக்கப்பட்டார். அவருக்கு இரண்டு சிறு குழந்தைகள். மயங்கிய பின் அவருக்கு மூச்சுக் கொடுக்கவும் இயலவில்லை. குழாய் நுழைக்கவும் இயலவில்லை. தேர்ந்த மருத்துவர் பலர் அங்கிருந்தனர். அவர்கள் மீண்டும் மீண்டும் குழாயை நுழைக்கவே முயன்றனர். இருபது நிமிடங்களுக்கு மேலாக உயிர்வளி மிகக் குறைந்தே இருந்தது. கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைக்கும் கருவித்தட்டைச் செவிலி ஒருவர் கொணர்ந்து வைத்தும், அதனை எவரும் கையில் எடுக்கவில்லை. நினைவு திரும்பாமலே சில நாள்களில் அத்தாய் இறந்தார். அவர் கணவர் மார்ட்டின் புரோமிலி, வானூர்தி ஓட்டுநர். வானூர்தி வீழ்ந்தாற் காரணத்தை ஆராய்ந்து எல்லார்க்கும் அறிவிப்பது அவர் தொழிலின் மரபு. மருத்துவத்திலும் அம்மரபு வேண்டுமென்று கருதி, எவரையும் தூற்றாமல், அவர் 2007-ஆம் ஆண்டில் அதற்கென ஒரு குழுவை நிறுவினார். நோயாளிக்கு வேண்டுவது மூச்சு. குழாய் அதற்கு ஒரு வழியேயாம். அவ்வறையில் இருந்தோர் அனைவரும் வல்லுநர். ஆயினும் குழாயைப் பற்றிய எண்ணமே அவர்கள் மனத்தை முழுதும் பற்றிக்கொண்டது.

இத்தகைய இடர்களைக் குறைக்கும் கருவி ஒன்று அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தோன்றியிருந்தது. கனடா நாட்டு அறுவை மருத்துவர் ஜான் ஆலன் பேஸி என்பவர் வடிவமைத்த கிளைடுஸ்கோப்பு 2001-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. காணொளிக் குரல்வளைநோக்கிகளுள் முதன்முதல் கடைக்கு வந்தது அதுவே. அதன் அலகு ஏறத்தாழ 60 பாகை வளைந்தது. அலகின் நுனிக்கு அருகே மிகச் சிறிய காமிராவும் விளக்கும் உள்ளன. காமிரா காண்பதைக் கம்பியொன்று வெளியே கொண்டுவந்து திரையில் காட்டுகின்றது. மருத்துவரின் கண் வாய்க்கு வெளியே இருக்க, அவர் பார்வை மட்டும் நாவின் வளைவைக் கடந்து குரல்வளையின் எதிரே போய் நிற்கின்றது. கிர்ஸ்டைன் காலம் முதல் ஒரு நூற்றாண்டாக உடலைப் பார்வைக்கேற்ப நிமிர்த்தி வந்தனர். இக்கருவி பார்வையை உடலுக்கேற்ப வளைக்கின்றது. கார்சியாவின் கண்ணாடி செய்ததும் இதுவே. கண்ணாடி நின்ற இடத்திற் காமிரா நிற்கின்றது.

இதனால் விளைந்த நன்மைகள் பல. தலையை மிகுதியாகச் சாய்க்க வேண்டுவதில்லை. ஆகவே கழுத்து முறிந்தவர்க்கு இது ஏற்றது. அலகை உயர்த்துவதற்கு வேண்டிய வலிமையும் குறைவு. இன்னொரு நன்மையைத் தனியே எடுத்துரைத்தல் வேண்டும். முன்னாளில் ஒரு மாணவர் வாயினுள் நோக்கும்போது, அவர் காண்பதை ஆசிரியர் காணார். ‘தெரிகின்றதா?’ என்று ஆசிரியர் வினவுவார். ‘தெரிகின்றது’ என்று மாணவர் விடை கூறுவார். தெரிந்தது குரல்வளையோ, உணவுக்குழலின் வாயோ, இருவருக்கும் ஐயமே. ஒருவர் மட்டுமே காணக்கூடிய ஒன்றைக் கற்பித்தல் எத்துணைக் கடினம் என்பதைக் கற்பித்தவரே அறிவர். இன்று ஆசிரியரும் மாணவரும் துணை நிற்கும் செவிலியும் ஒரே திரையை நோக்குகின்றனர். ‘சிறிது வலப்புறம் திருப்புக’ என்று ஆசிரியர் சொல்லலாம். கழுத்தை வெளியிலிருந்து அழுத்தித் துணைசெய்பவர் தம் கை எங்கே உதவுகின்றது என்பதைத் தாமே பார்க்கலாம். 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது மற்றொரு பயனும் வெளிப்பட்டது. நேரே நோக்குபவர் நோயாளியின் வாயருகே தம் முகத்தைக் கொணர வேண்டும். அவர் மூச்சே தொற்றைச் சுமந்து வரலாம். திரையைப் பார்ப்பவர் சற்றே விலகி நிற்கலாம்.

எனினும் காண்பது வேறு, அடைவது வேறு. நேர்நோக்கும் முறையிற் கண் சென்ற வழியே குழாயும் செல்லும். காணொளிக் கருவியிற் கண் வளைந்து சென்றுவிடுகின்றது. குழாயும் அவ்வளைவைப் பின்பற்றியாக வேண்டும். குரல்நாண்கள் திரையில் அழகாக விளங்க, குழாயின் நுனி அவற்றின் முன்னே முட்டி நின்று உள்ளே செல்ல மறுக்கும். புதிதாகப் பயில்வோர் பெரிதும் திகைப்பது இவ்விடத்திலேதான். இதற்காகக் குழாயினுள் அலகின் வளைவையே உடைய கம்பி ஒன்றைச் செருகுவர். குழாயின் நுனி நாண்களைக் கடந்ததும் கம்பியைச் சிறிது பின்னிழுத்துக் குழாயை மட்டும் முன்செலுத்துவர். வேறோர் ஏதமும் உண்டு. திரையையே நோக்கிக்கொண்டு குழாயை வாயில் நுழைத்தால், காமிரா காணாத இடத்தில் அதன் நுனி மெல்லண்ணத்தைக் கிழித்துவிடும். ஆகவே அலகை நுழைக்கும்போது வாயைப் பார். அலகு நின்றதும் திரையைப் பார். குழாயை நுழைக்கும்போது மீண்டும் வாயைப் பார். குழாய் மறைந்ததும் திரையைப் பார் என்று நான்கு படியாகக் கற்பிக்கின்றனர். குருதியோ வாந்தியோ வில்லையை மூடினாலும், மூச்சின் ஈரம் படிந்தாலும் திரை மங்கிவிடும். அப்பொழுது மாக்கின்டாஷின் அலகே கைகொடுக்கும். மாக்கின்டாஷ் அலகின் வடிவிலேயே காமிரா பொருத்திய கருவிகளும் இப்போது உள்ளன. நேரேயும் நோக்கலாம், திரையிலும் நோக்கலாம்.

புதியது நன்றென்று தோன்றுவது இயல்பு. அளந்து பார்த்தாலன்றி அத்தோற்றத்தை நம்புதல் ஆகாது. 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, வளர்ந்தோர் 26,149 பேரைப் பற்றிய 222 ஆய்வுகளை ஒருங்கு நோக்கியது. காணொளிக் கருவிகளாற் குழாய் நுழைக்க இயலாது போவது குறைகின்றது என்றும், முதல் முயற்சியிலேயே வெற்றி கிட்டுவது மிகுகின்றது என்றும் அது கண்டது. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து ஆய்வு வெளிவந்தது. 8,429 அறுவைகளில் இருவகைக் கருவிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சி வேண்டியிருந்தது, நேர்நோக்கும் கருவியில் நூற்றுக்கு 7.6; காணொளிக் கருவியில் 1.7. ஒவ்வொரு மறுமுயற்சியும் தொண்டையை வீங்கச் செய்து அடுத்த முயற்சியை அரிதாக்குவது. ஆதலால் இவ்வேறுபாடு சிறியதன்று. 2023-ஆம் ஆண்டில், அவசர சிகிச்சைப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் உயிருக்குப் போராடிய 1,417 பேரிடம் செய்த மற்றோர் ஆய்வில், முதல் முயற்சியில் வெற்றி காணொளிக் கருவியால் நூற்றுக்கு 85.1 ஆகவும், நேர்நோக்கும் கருவியால் 70.8 ஆகவும் இருந்தது. ஆயின் அவ்வாய்வில் குருதியழுத்தம் வீழ்தல், உயிர்வளி மிகக் குறைதல் முதலிய கடும் இடர்கள் இருதிறத்தும் ஏறத்தாழ ஒப்பாகவே இருந்தன. குழாய் விரைவில் நுழைந்தமையால் மட்டும் நோய் தன் வலிமையை இழந்துவிடுவதில்லை. கருவியின் விலையும் ஒரு தடையே. மாக்கின்டாஷின் அலகுக்குச் சிறு மின்கலம் போதும். காணொளிக் கருவிக்குக் காமிராவும் திரையும் வேண்டும். பெருநகர மருத்துவமனையில் அறைதோறும் இருக்கும் கருவி, சிற்றூர் மருத்துவமனையில் ஒன்றுகூட இல்லாதிருத்தல் உண்டு.

இன்று நன்கு அமைந்த அறுவையறையில் இத்தொழில் நிகழும் முறை இது. நோயாளியின் மேனியிற் குருதியழுத்தமும் உயிர்வளியும் அளக்கும் கருவிகள் முன்னரே பொருத்தப்படுகின்றன. முகமூடி வழியாகத் தூய உயிர்வளி சில நிமிடம் கொடுக்கப்படுகின்றது. முதல் முயற்சி தவறினால் என் செய்வது, அதுவும் தவறினால் என் செய்வது என்பதை மயக்கவியல் மருத்துவர் துணைவர் அனைவரும் கேட்க உரக்கக் கூறுகின்றார். பின்னரே மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இரத்தக் குழாயிற் செல்கின்றன. நோயாளியின் இமை தாழ்கின்றது. மருத்துவர் இடக்கையில் கருவியை ஏந்தி வாயின் நடுவே அலகை மெல்ல இறக்குகின்றார். திரையில் முதலில் நா, பின் உள்நாக்கு, பின் மூடி தோன்றுகின்றன. அலகு சிறிதே உயர, முத்துநிறக் குரல்நாண்கள் இரண்டும் அவற்றின் இடையே இருண்ட வாயிலும் தெரிகின்றன. குழாய் அவ்வாயிலைக் கடந்து செல்வதை அறையில் உள்ளோர் எல்லாரும் காண்கின்றனர். குழாயின் நுனிக்கு மேலுள்ள சிறு பையிற் காற்றை ஏற்றி, மூச்சுக்குழலின் சுவரோடு அது பொருந்துமாறு செய்கின்றனர்.

கண்ணாற் கண்டதோடு அமைவதில்லை. மூச்சுக்குழலில் என்று எண்ணிய குழாய் உணவுக்குழலில் நின்றுவிட்டால், நோயாளி அறையிலுள்ளோர் கண்ணெதிரே மூச்சின்றி மாய்வார். இதனைத் தடுக்கும் பொருட்டு, 2022-ஆம் ஆண்டில் பலநாட்டு மயக்கவியல் அறிஞர் கூடி, இயலும்போதெல்லாம் காணொளிக் கருவியைப் பயன்படுத்துக என்றும், குழாய் வழியே வெளிவரும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவை அளந்தறிக என்றும் வகுத்துரைத்தனர். உயிருள்ள நுரையீரலே அவ்வாயுவை மூச்சுதோறும் தவறாது வெளிவிடும்; வயிறு அவ்வாறு செய்வதில்லை. ஆகவே மருத்துவர் குழாயோடு பையை இணைத்து ஒருமுறை அழுத்துகின்றார். நோயாளியின் மார்பு இருபுறமும் எழுந்து தாழ்கின்றது. எல்லாருடைய கண்ணும் மற்றொரு திரைக்குச் செல்கின்றது. அதில் மேடுபோல் ஓர் அலை எழுகின்றது, மீண்டும் ஒன்று, மீண்டும் ஒன்று. அலைகள் ஒரே அளவாக வருவதைக் கண்ட பின்னரே குழாயை நோயாளியின் கன்னத்தோடு ஒட்டுப்பட்டையாற் பிணைத்து, அறுவை மருத்துவரை நோக்கித் தொடங்கலாம் என்று சொல்லுகின்றனர்.